முகவரிக்கு எத்தனை கட்டம்?

ஊஸ்டருக்கு வந்த புதிதில் என் நீண்ட பெயர் படிவக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. வால் வெட்டுப்பட்ட பெயரோடு பல வருடம் அலைந்தேன். கணினிக்கும் இந்தத் தொல்லை வந்ததுண்டு.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயக்குதளத்தின் கருவை எழுதிய 386 கணினியில் 'இன்ட்', 'லாங்' என்ற எண்வகைகளும் நினைவக முகவரியும் 32 பிட்டுகளே. எதில் எழுதினாலும் முகவரி அடங்கியது. 1995இல் அல்பா கணினிக்கும் லினக்ஸ் வந்தது. அங்கே முகவரியும் லாங்கும் 64 பிட்டுகள், இன்ட் 32தான். இன்டில் வைத்த முகவரியின் மேற்பாதி போய்விடும். ஆகவே கருவில் முகவரியை எண்ணாக வைக்க 'அன்சைன்ட் லாங்' வழக்கமானது. 64 பிட் விண்டோஸிலோ லாங் 32 பிட்டே. 1999இன் சி மொழித் தரம் முகவரிக்கென்றே தனி எண்வகை தந்தது.

கணக்காளன் நான் சொல்வேன்: கட்டத்துக்காகப் பெயரை வெட்டாதீர்கள், பெயரைப் பார்த்துக் கட்டம் போடுங்கள்.