நிக்கோபார்த் தீவுப் படைத்தளங்கள்: வரலாறும் வீரர்களின் நினைவுகளும்

வங்கக் கடலின் தென்கிழக்கு எல்லையில், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் தீவுகளில் இந்தியாவின் வான்படை, கடற்படைத் தளங்கள் உள்ளன. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். கார் நிக்கோபார் அங்கிருந்து இன்னும் 270 கிலோமீட்டர் தெற்கே. அங்கே பணிபுரிந்தவர்களின் நினைவில் இந்தத் தொலைவுக்கு முதலிடம் உண்டு: கப்பல் வந்தால்தான் கடிதம், கடல் அடங்கினால்தான் லீவு.

தமிழர் படை இத்தீவுகளை அறிந்தது நெடுங்காலத்துக்கு முன்பே. 1025-இல் முதலாம் இராசேந்திரன் அனுப்பிய கடற்படை வென்ற இடங்களில் மாநக்கவாரமும் ஒன்று. அது நிக்கோபாரே என்பர் வரலாற்றறிஞர்.

இக்காலத் தளங்களின் கதை இரண்டாம் உலகப் போரில் தொடங்குகிறது. 1942-இல் தீவுகளைப் பிடித்த ஜப்பானியர், நிக்கோபாரிகளைக் கட்டாய வேலை வாங்கிக் கார் நிக்கோபாரில் விமான ஓடுதளம் அமைத்தனர். விடுதலைக்குப் பின் அது இந்திய விமானப்படைத் தளமானது. 1973-இல் கமோர்ட்டாவில் ஐ.என்.எஸ். கார்டிப், 2012-இல் பெரிய நிக்கோபாரின் கேம்பல் பேயில் ஐ.என்.எஸ். பாஸ் ஆகிய கடற்படைத் தளங்கள் வந்தன. இவற்றையெல்லாம் ஆளும் அந்தமான் நிக்கோபார் கூட்டுப்படைத் தலைமையகம் 2001-இல் உருவானது.

சிலர் பணி முடிந்தும் ஊர் திரும்பவில்லை. 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறத்தாழ 330-ஐ அரசு பெரிய நிக்கோபாரில் குடியமர்த்தியது. பஞ்சாபியரும் மராத்தியரும் மலையாளிகளும் தமிழர்களும் அடர்காட்டைத் திருத்தித் தென்னையும் நெல்லும் வளர்த்தனர்.

2004 டிசம்பர் 26 காலை 6.29-க்குச் சுமத்திரா அருகே நிலநடுக்கம். சிறிது நேரத்தில் கார் நிக்கோபார் தளத்துக்குள் கடல் புகுந்தது. தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்பதே தளத்திலிருந்து கிடைத்த கடைசித் தகவல் என்று அப்போதைய விமானப்படைத் தலைவர் எஸ். கிருஷ்ணசாமி பின்னர் நினைவுகூர்ந்தார். வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பிய எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்களை எடுத்துக்கொண்டு விமானிகள், வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கப் பறந்தார்கள். பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. முன்னாள் வீரர்களின் வயல்களும் கடலோடு போயின.

இத்தகைய தீவு நினைவுகளைப் பதிவுசெய்தவர்கள் உண்டு: மாலத்தீவின் கான் தீவில் 1957 முதல் 1976 வரை இயங்கிய பிரிட்டிஷ் விமானப்படைத் தளத்தில் பணிபுரிந்தவர்கள், குடும்பத்தைப் பிரிந்து கழித்த ஆண்டை எழுதி, படங்களோடு தொகுத்து வைத்திருக்கிறார்கள். தமிழில் அத்தகைய தொகுப்பு அரிது. ஹவில்தாராகவும் கார்ப்பரலாகவும் ஓய்வுபெற்றவர்கள் சொன்னவை பெரும்பாலும் வீட்டுத் திண்ணையோடு நின்றுவிட்டன. தளபதிகளின் அறிக்கைகளில் இல்லாத தீவு வாழ்க்கை அவர்களிடம்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டு எழுதியாக வேண்டும்.

பெரிய நிக்கோபாரில் இந்த அவசரம் இன்னும் கூடியிருக்கிறது. அங்கே திட்டமிடப்பட்டுள்ள, படையும் பொதுமக்களும் பயன்படுத்தவிருக்கும் விமான நிலையத்துக்கான நிலம், முன்னாள் வீரர்கள் காடு திருத்திக் குடியேறிய காந்தி நகர், சாஸ்திரி நகர்ப் பகுதியில் அமைகிறது.