கட்டுகஸ்தோட்டைக் கல்லூரியும் சுழற்பந்தும்

கண்டி நகரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருஞ்சாலையில், ஏறத்தாழ 3 மைல் தொலைவில், மகாவலி கங்கையின் கரையில் அமைந்திருப்பது கட்டுகஸ்தோட்டை. சிங்கள மொழியில் ‘கட்டு’ என்பது முள். ‘கஸ்’ என்பது மரம். ‘தொட்ட’ என்பது ஓடத்துறை. எனவே தமிழில் இதனை முள்மரத்துறை எனலாம். பெயரின் ஈற்றைக் கேட்டு இது ஒரு தேயிலைத் தோட்டமென்று கருதுவோர் உளர், அது பொருந்தாது. ஆயினும், தேயிலைத் தோட்டத்திற்கு வேலை தேடி வந்த ஒருவரின் பேரன் உலகப் புகழ் எய்துவதற்கு இவ்வூரிலுள்ள ஒரு கல்லூரி வழிசெய்தது என்பது வரலாறு.

அக்கல்லூரி புனித அந்தோனியார் கல்லூரி. புனித ஆசீர்வாதப்பர் சபையின் சில்வெஸ்திரிய கிளையைச் சேர்ந்த துறவியான எமிலியானோ மிலியானி அடிகளார் 1854ஆம் ஆண்டில் கண்டியில் இதனை நிறுவினார். நகரின் நடுவே இடம் நெருக்கடியாகவே, 1920களின் பிற்பகுதியில் கல்லூரி கங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தது. விசாலமான நிலம் கிடைத்தது. மாணவர் விளையாடுவதற்குப் பரந்த மைதானமும் அமைந்தது.

கண்டியில் கிரிக்கெட் என்றால் மக்கள் நினைவில் முதலில் எழுவது அந்தோனியார் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே நடைபெறும் ஆட்டமே. மலைநாட்டு நீலங்களின் சமர் என வழங்கும் இப்போட்டி நூறாண்டுப் பழமையுடையது. போட்டி நாட்களில் பழைய மாணவர் எங்கெங்கிருந்தோ திரண்டு வருவர். தந்தை ஆடிய ஆட்டத்தை மகன் ஆடுவான்; பேரன் வேலியோரம் நின்று கொடியசைப்பான். ஒரு கல்லூரியின் விளையாட்டுச் சிறப்பை வளர்ப்பது கிண்ணங்களின் எண்ணிக்கை மட்டுமன்று. ஆண்டுதோறும் தவறாது எதிரே வந்து நிற்கும் தக்க போட்டியாளனும் அதனை வளர்க்கிறான்.

இம்மரபினுள் ஒன்பது வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்தவர் முத்தையா முரளிதரன். அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழிலுக்காக இலங்கைக்கு வந்தவர். பின்னர் அவர் தாயகம் திரும்பினார். மக்களோ இங்கேயே தங்கிவிட்டனர். அவர்களுள் ஒருவரான முத்தையா 1964ஆம் ஆண்டில் குண்டசாலையை அடுத்த நத்தரம்பொத்தையில் பிஸ்கற்றுத் தொழிலைத் தொடங்கினார். அந்த ஆண்டு மலையகத் தமிழருக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரை எந்நாடு ஏற்பது என்பதைச் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்த ஆண்டு அது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னைக்கு ஒத்திவைக்கப்பட்டது. மனிதரை எண்ணிப் பங்கிட்ட அந்தக் காலத்தில், இம்மண்ணிலேயே வேரூன்ற முயன்ற குடும்பங்களுள் முரளிதரனுடையதும் ஒன்று. 1977ஆம் ஆண்டின் இனக்கலவரத்தீ அக்குடும்பத்தையும் தீண்டாமல் விடவில்லை. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அவர் கல்லூரியின் மாணவரானார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் பந்தெறிந்த இடம் அது.

தொடக்கத்தில் முரளிதரன் மிதவேகப் பந்துவீச்சாளர். வேகமாக ஓடிவந்து பந்தை வீசுவதே இளம் வயதினருக்கு உவப்பானது. ஆயின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, பதினான்கு வயதான அம்மாணவரைச் சுழற்பந்துக்கு மாறுமாறு கூறினார். விரும்பிப் பழகிய ஒன்றைக் கைவிட்டு, அறியாத ஒன்றை முதலிலிருந்து தொடங்குவது அவ்வயதில் எளிதன்று. எனினும் மாணவர் ஆசானின் சொல்லை ஏற்றார்.

அம்மாற்றத்தின் பயன் விரைவிலேயே புலனாயிற்று. வலக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பெரும்பாலும் விரல்களாற் பந்தைச் சுழற்றுவர். முரளிதரனோ மணிக்கட்டின் வலிமையாற் சுழற்றினார். பிறவியிலேயே முற்றாக நிமிராத முழங்கையும், மிகவும் வளைந்து கொடுக்கும் மணிக்கட்டும் அவருக்கு வாய்த்திருந்தன. நான்கு ஆண்டுகள் கல்லூரியின் முதல் பதினொருவர் அணியில் விளையாடிய அவர், இறுதி இரு பருவங்களில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1990/91ஆம் ஆண்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரருக்கான விருதும் அவரைச் சேர்ந்தது. அவரினும் இரு வயது மூத்த ருவன் கல்பகேயும் இதே கல்லூரியின் மாணவர். இதே வகைப் பந்துவீச்சாளர். இலங்கை அணியிலும் விளையாடியவர். ஒரே மைதானம் ஒரே தலைமுறையில் ஒரே வகையைச் சேர்ந்த இருவரை நாட்டுக்களித்தது என்பதனை வெறும் தற்செயல் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முரளிதரன் தம் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். 1995ஆம் ஆண்டு டிசம்பரில் மெல்பேர்ணில், அவர் பந்தை எறிகிறார் எனக் கூறி நடுவர் ஒருவர் மீண்டும் மீண்டும் முறையற்ற பந்தென அறிவித்தபோது, அவருடைய வாழ்வே ஐயத்துக்குள்ளாயிற்று. அடுத்த ஆண்டில் விஞ்ஞான ஆய்வு அவருக்குச் சார்பாக அமைந்தது. எந்தக் கையின் தனித்தன்மை கட்டுகஸ்தோட்டையில் வரமாகக் கொள்ளப்பட்டதோ, அதே கை பிறர் கண்ணுக்குக் குற்றமாகத் தோன்றிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

2007ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், இங்கிலாந்து வீரர் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி 709ஆவது விக்கெட்டைப் பெற்ற முரளிதரன், ஷேன் வோர்னின் உலக சாதனையைக் கடந்தார். அது நிகழ்ந்த இடம் கண்டி அஸ்கிரிய மைதானம். அதாவது, திரித்துவக் கல்லூரிக்கு உரிய மைதானம்! அந்தோனியார் கல்லூரி மாணவரின் வெற்றிக்கு, பரம்பரைப் போட்டியாளரின் மண்ணிலே கண்டி முழுவதும் கூடி ஆரவாரித்தது. அம்மைதானத்தில் நடைபெற்ற இறுதி டெஸ்ட் போட்டியும் அதுவே. 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலியில் 800ஆவது விக்கெட்டுடன் அவர் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

எண்கள் வியப்பூட்டுவன. ஆனால் அந்த 800இன் முதற்கணக்கு எழுதப்பட்டது கங்கைக் கரையிலேதான். மிதவேகத்தில் வீசிய பலருள் ஒருவராகவே அம்மாணவர் இருந்திருக்கக்கூடும். ஓர் ஆசிரியர் அவருடைய கையை உற்று நோக்கினார். அதற்கேற்ற வழியைக் காட்டினார். எப்பள்ளியின் புகழும் அதன் கட்டடங்களில் தங்குவதில்லை. தம்மிடம் வரும் பிள்ளை எக்குலத்தது, எம்மொழியது என்று கேளாமல், அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசிரியரிடத்திலேயே அது தங்குகிறது. இதுவே கட்டுகஸ்தோட்டை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.