சால்வையை எடுத்தவர்

1816-ஆம் ஆண்டு மயிலாடியை விட்டுக் கிளம்பினார் ரிங்கல்தௌபே. லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியரான இந்த ஜெர்மானியர் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்து பத்தாண்டு ஆகியிருந்தது. 1809-ல் அவர் மயிலாடியில் கட்டிய ஆலயம் தென் திருவிதாங்கூர் சீர்திருத்த சபையின் முதல் ஆலயம். சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்கே கொடுத்துவிடுவார். உடம்பு தளர்ந்து சென்னைக்குப் போனபோது அவருக்கு மேலங்கிகூட இல்லை, தலையில் ஒரு நாட்டு வைக்கோல் தொப்பிதான் என்கின்றன பழைய மிஷன் பதிவுகள். பிறகு கப்பலேறினார். அதற்கப்புறம் செய்தி நின்றுபோயிற்று. அவருக்குக் கல்லறை இல்லை.

கல்லறை இல்லாத இன்னொருவர் வேதாகமத்தில் இருக்கிறார். எலியா தீர்க்கதரிசி சுழல்காற்றில் பரமேறிப் போனார். ஐம்பது பேர் மூன்று நாள் மலையும் பள்ளத்தாக்குமாகத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. நம் பிரசங்கங்களில் அக்கினி ரதம்தான் பெரிதாக வரும். எனக்கோ அவருடைய சீடன் எலிசாவின் கைதான் கண்ணில் நிற்கிறது. பன்னிரண்டாம் ஏரை ஓட்டிக்கொண்டிருந்தபோது எலியா தன்மேல் போட்ட அதே சால்வை கீழே விழுந்து கிடக்க, அதை எடுக்கிறான். யோர்தானை அடிக்கிறான், தண்ணீர் பிரிகிறது. எலியாவின் ஆவியில் அவன் கேட்டிருந்த இரண்டு பங்கு, மோசேயின் சட்டப்படி மூத்த மகனுக்கு உரியது. குருவைவிடப் பெரியவனாக அவன் ஆசைப்படவில்லை. மகன் என்ற உரிமையைக் கேட்டான். எலியா பரமேறியதன் ஆன்மிகப் பொருள் அந்த உரிமையில்தான் இருக்கிறது. போகிறவர் மறைந்துவிட வேண்டும், வேலை வாரிசின் கைக்கு வர வேண்டும்.

மயிலாடியில் அந்த வாரிசு வேதமாணிக்கம். இயற்பெயர் மகாராசன். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். சிதம்பரம் யாத்திரை போய்த் திரும்பும் வழியில், தஞ்சாவூரில் கிறிஸ்தவரானார். தங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டு நின்றவரும் அவரே. கிளம்பும்போது சபைப் பொறுப்பை ரிங்கல்தௌபே ஒப்படைத்தது இவரிடம்தான்.

அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டை நினைத்துப் பாருங்கள். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் எல்லாத் தெருவிலும் நடக்க முடியாது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரவே இன்னும் 120 ஆண்டு பாக்கி. அப்படிப்பட்ட நாளில், ஒரு வெள்ளைக்காரர் தம் ஊழியத்தை வேதமாணிக்கத்தை நம்பி விட்டுப்போனார். கடல் கடந்து ரிங்கல்தௌபேயின் முடிவைத் தேடிய ஆய்வாளர்களுக்கு நன்றி. அதே அக்கறை வேதமாணிக்கத்தின்மீதும் விழ வேண்டும். அவரை வெறும் உதவியாளராக எழுதிக் கடந்துபோவது அநியாயம்.

அடுத்த மிஷனரி வரும்வரை சபையைச் சிதறாமல் காத்தவர் வேதமாணிக்கம். அப்படி வந்தவர் சார்லஸ் மீட். தலைமையிடத்தை அவர் நாகர்கோவிலுக்கு மாற்றிய கதை அடுத்த வாரம்.