மும்பையில் வீடு வாங்குவோருக்கு ‘பேஸ்மென்ட்’ அவசியமா? கவனிக்க வேண்டியவை என்ன?

மும்பை: மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பி வருகின்றன. அவற்றின் விளம்பரங்களில், ‘பேஸ்மென்ட்’ எனப்படும் நிலத்தடித் தளம் ஒரு சிறப்பு வசதியாகக் குறிப்பிடப்படுகிறது. தாராவியின் சிறிய வீடுகளிலிருந்து, வாழ்நாள் சேமிப்புடனும் வங்கிக் கடனுடனும் முதல் அடுக்குமாடி வீட்டைத் தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு, இந்தத் தளத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்ற கேள்வி எழுகிறது.

நிலத்தடித் தளம் இருப்பதோ இல்லாததோ மட்டும் ஒரு வீட்டின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை. கட்டடத்தின் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரத்தில் உள்ளது, மின்சாரமும் குடிநீரும் எந்த மட்டத்தில் அமைந்துள்ளன, நிலத்தடித் தளத்தில் வாங்குபவருக்கு எழுத்துப்பூர்வமாக என்ன உரிமை உள்ளது ஆகிய மூன்றுமே முக்கியமானவை.

பேஸ்மட்டமும் பேஸ்மென்ட்டும்

தமிழ்நாட்டில் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்று சொல்வது, தரைக்கு மேலே எழுப்பப்படும் பீடப் பகுதியை. வீட்டின் தளம் தெருவைவிட எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதை அது குறிக்கும். மும்பைக் கட்டுநர்கள் ‘பேஸ்மென்ட்’ என்று சொல்வது, தரைக்குக் கீழே தோண்டி அமைக்கப்படும் தளத்தை. ஒன்று மேலே உயர்வது. மற்றொன்று கீழே இறங்குவது. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் “பேஸ்மட்டம் எவ்வளவு உயரம்?” என்று கேட்பது வழக்கம். மும்பையைப் பொறுத்தவரை, வீடு வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

அமெரிக்கா, கனடா போன்ற குளிர் நாடுகளில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே அடிவாரம் அமைய வேண்டியிருப்பதால், எப்படியும் தோண்ட வேண்டிய அந்த இடத்தையே அறைகளாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் உருவானது. மும்பையில் அத்தகைய தேவை இல்லை. இங்கு நிலத்தடித் தளம் அமைக்கப்படுவதற்கு முக்கியக் காரணம், குறுகிய மனைகளில் வாகனங்களை நிறுத்த வேறு இடம் இல்லாததே ஆகும்.

விதிகள் அனுமதிப்பது என்ன?

நாட்டின் கட்டுமானப் பணிகளுக்கு வழிகாட்டும் தேசியக் கட்டட நெறிமுறை, நிலத்தடித் தளத்தை எளிதில் தீப்பற்றாத பொருள்களைச் சேமித்தல், வங்கிப் பாதுகாப்பு அறைகள், குளிர்சாதனம் உள்ளிட்ட கட்டடச் சேவை இயந்திரங்கள், வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்கே ஒதுக்குகிறது. வசிப்பதற்கான அறைகள் அந்தப் பட்டியலில் இல்லை.

தளத்தின் உயரம் எல்லாப் பகுதிகளிலும் குறைந்தது 2.4 மீட்டர் இருக்க வேண்டும். அதன் கூரை, சுற்றியுள்ள தரையின் சராசரி மட்டத்தைவிடக் குறைந்தது 0.9 மீட்டரும் அதிகபட்சம் 1.2 மீட்டரும் உயர்ந்திருக்க வேண்டும். போதிய காற்றோட்டம் வேண்டும். மழைநீர் உள்ளே புகாத ஏற்பாடும், நீர் கசியாத சுவர்களும் தரையும் கட்டாயம்.

எனவே, நிலத்தடியில் ‘படிப்பறை’, ‘பணியாளர் அறை’, ‘உடற்பயிற்சிக் கூடம்’ என்றெல்லாம் விற்பனைப் பிரதிநிதி விவரித்தால், மாநகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடத்தில் அந்த இடம் எப்படிக் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்க்க வேண்டும்.

உரிமை யாருக்கு?

மும்பையின் தஹிசர் பகுதிக் குடியிருப்புச் சங்கம் ஒன்று தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்ட் 31-ஆம் தேதி முக்கியத் தீர்ப்பை அளித்தது. தூண்களுக்கு இடையிலான ‘ஸ்டில்ட்’ வாகன நிறுத்தம் தனி வீடோ கராஜோ அல்ல. அது பொதுப் பகுதியின் அங்கம். அதைக் கட்டுநர் தனியே விற்க முடியாது என்று நீதிமன்றம் தெரிவித்தது. மகாராஷ்டிரத்தின் 1963-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் இத்தீர்ப்பு வழங்கப்பட்டது.

அதன் பின்னர் வந்த 2016-ஆம் ஆண்டின் ‘ரெரா’ எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், ‘பொதுப் பகுதிகள்’ என்பதற்கான விளக்கத்திலேயே பொது நிலத்தடித் தளங்கள், மொட்டை மாடிகள், திறந்தவெளி வாகன நிறுத்தங்கள், பொதுச் சேமிப்பிடங்கள் ஆகியவற்றைச் சேர்த்துள்ளது. இவை குடியிருப்போர் சங்கத்துக்கு ஒப்படைக்கப்பட வேண்டியவை.

அதே வேளையில், கூரையுள்ள வாகன நிறுத்தத்தை விலைக்கு ஒதுக்க மகாராஷ்டிர விதிகள் இடமளிக்கின்றன. அது நிலத்தடியிலோ ஸ்டில்ட் தளத்திலோ போடியம் மாடியிலோ இருக்கலாம். இது குறித்து மகாரெரா ஆணையம் 2021 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை, திறந்தவெளி நிறுத்தங்களை விற்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. நிறுத்தத்தின் எண், நீளம், அகலம், உயரம், அமைவிடம் ஆகிய விவரங்கள் ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் விற்பனை ஒப்பந்தத்திலும் இடம்பெற வேண்டும் என 2024 ஏப்ரலில் அந்த ஆணையம் உத்தரவிட்டது.

சுருங்கச் சொன்னால், நிலத்தடியில் குடும்பத்துக்குக் கிடைப்பது எண்ணிட்ட ஒரு வாகன நிறுத்தம் மட்டுமே. மற்றவை அனைத்தும் சங்கத்தின் பொதுச் சொத்து. அவற்றின் பராமரிப்புச் செலவும் பொதுவானதே.

மும்பையின் நிலமும் மழையும்

2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழையைத் தாங்கும் வகையில் அமைக்கப்பட்டவை. அதை 50 மி.மீ. ஆக உயர்த்தும் ‘பிரிம்ஸ்டோவாட்’ திட்டம் 1993-ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து தொடங்கியது. மாட்டுங்கா, வடாலா, செம்பூர் பகுதிகளின் வெள்ளத்தைக் குறைக்கும் வகையில் அதில் இடம்பெற்ற மாஹுல் நீரேற்று நிலையம், நிலம் கிடைப்பதில் ஏற்பட்ட சிக்கலால் ஆண்டுக்கணக்கில் தாமதமானது.

கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நேரத்தில் கனமழையும் சேர்ந்தால், வடிகால்களின் வாய் கடல் மட்டத்துக்குக் கீழே சென்றுவிடுவதால் தண்ணீர் வெளியேற வழியில்லை. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிள், காந்தி மார்க்கெட் பகுதிகளில் ஆண்டுதோறும் நீர் தேங்குவதற்குத் தாழ்வான நில அமைப்பும் இதுவும் சேர்ந்தே காரணமாகின்றன. அருகிலுள்ள ஹிந்த்மாதா பகுதியின் வெள்ளத்தைத் தேக்கி வைக்க, தாதரிலும் பரேலிலும் உள்ள பூங்கா, மைதானம் ஆகியவற்றுக்கு அடியில் மாநகராட்சி பெரிய தொட்டிகளை அமைத்துள்ளது. வெள்ளநீர் தானாக இறங்கிச் சேரும் இடம் நிலத்தடி என்பதையே அத்தொட்டிகள் உணர்த்துகின்றன.

புதிய கட்டுமானங்களும் இதற்கு விலக்கல்ல. 2025 மே மாதம் திறக்கப்பட்ட மெட்ரோ மூன்றாம் வழித்தடத்தின் ஒர்லி பகுதி நிலத்தடி நிலையமான ஆச்சார்ய அத்ரே சௌக்கில், அதே மாதம் 26-ஆம் தேதி பெய்த மழையில் வெள்ளம் புகுந்தது.

செம்பூரில் நிலைமை இடத்துக்கு இடம் மாறும். போஸ்டல் காலனி போன்ற பகுதிகளில் நீர் தேங்குகிறது. டிராம்பே குன்றுகளை ஒட்டிய பகுதிகளில் மேலிருந்து வரும் நீரும் மண்ணும் ஆபத்தாகின்றன. 2021 ஜூலை 18-ஆம் தேதி செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்து வீடுகள்மீது விழுந்ததில் 15-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் அமைந்த கட்டடத்தில் வீடு வாங்குவோர், தாங்குசுவரின் நிலையையும் அதன் வடிகால் துளைகளையும் பார்ப்பது அவசியம்.

சாலை உயர்வதால் தாழும் வீடுகள்

யாரும் தோண்டாமலே உருவாகும் நிலத்தடி வீடுகளும் உண்டு. பழைய சாலையின் மேலேயே புதிய தார் அல்லது கான்கிரீட் போடப்படும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்கிறது. வீடு இருந்த இடத்திலேயே நிற்கிறது. சதுப்பு நிலத்தை நிரப்பி உருவான தாராவியில், வாசலிலிருந்து ஓரிரு படிகள் கீழே இறங்கிச் செல்ல வேண்டிய வீடுகள் பல உள்ளன. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் தரைத்தள வீடுகளுக்கு இதே ஆபத்து உண்டு.

தமிழ்நாட்டில் இப்பிரச்சினை குறித்த புகார்களைத் தொடர்ந்து, பழைய சாலைப் பரப்பைச் சுரண்டி அகற்றிய பின்னரே புதிய சாலை அமைக்க வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021-ஆம் ஆண்டில் உத்தரவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆவணத்தில் ‘தரைத்தளம்’ என எழுதப்பட்டிருந்தாலும், சாலையைவிடத் தாழ்ந்த வீட்டை நிலத்தடித் தளமாகவே கருதி விலை பேசுவது நல்லது.

உயிரிழப்புகள் சொல்லும் பாடம்

தில்லி பழைய ராஜேந்திர நகரில் 2024 ஜூலை 27-ஆம் தேதி, குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் நிலத்தடி நூலகத்தில் வெள்ளம் புகுந்ததில் மாணவர்கள் மூவர் உயிரிழந்தனர். அந்தத் தளத்துக்கு அனுமதி இருந்தது வாகன நிறுத்தத்துக்கும் சேமிப்புக்கும் மட்டுமே.

பெங்களூரு பிடிஎம் லேஅவுட் பகுதியில் 2025 மே மாதம், அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலத்தடித் தளத்தில் தேங்கிய நீரை வெளியேற்ற முயன்றபோது மின்சாரம் பாய்ந்து, 63 வயது முதியவரும் 12 வயது சிறுவனும் உயிரிழந்தனர். தென்கொரியாவின் போஹாங் நகரில் 2022 செப்டம்பரில் புயல் மழையின்போது, நிலத்தடி நிறுத்தத்திலிருந்து கார்களை வெளியே எடுக்கச் சென்ற குடியிருப்புவாசிகள் 7 பேர் வெள்ளத்தில் சிக்கி மாண்டனர்.

நிலத்தடித் தளங்களில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் இரண்டு. தண்ணீர் நிமிடங்களில் நிறைந்துவிடக்கூடும். வெளியேறும் வழியும் தண்ணீர் வரும் வழியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வெள்ள நேரத்தில் காரை மீட்கவோ மோட்டாரை இயக்கவோ கீழே இறங்கக் கூடாது என்பதைக் குடும்பத்தினர் அனைவருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

எப்போது பயன் தரும்?

நிலத்தடித் தளம் எல்லா இடங்களிலும் தவிர்க்க வேண்டியதல்ல. மேட்டு நிலத்தில், முறையான நீர்ப்புகாப் பூச்சும் மாற்று மின்சாரத்துடன் இயங்கும் நீரேற்று இயந்திரங்களும் கொண்ட கட்டடத்தில், அது வாகன நெரிசலைக் குறைக்கும். தரைப்பகுதி குழந்தைகள் விளையாடவும் முதியவர்கள் நடக்கவும் காலியாகக் கிடைக்கும். கார் இல்லாத குடும்பத்துக்கோ அதனால் பெரிய பயனில்லை. எனினும் காற்றோட்ட விசிறி, விளக்கு, நீரேற்று இயந்திரம், கசிவுப் பழுது ஆகியவற்றுக்கான செலவில் அக்குடும்பமும் பங்கு செலுத்த நேரிடும்.

தாழ்வான பகுதிகளில் ஸ்டில்ட் அல்லது போடியம் மாடியில் வாகன நிறுத்தம் அமைந்த கட்டடமே பாதுகாப்பானது. ஸ்டில்ட் தளத்தில் இயந்திர நிறுத்தம் இருந்தால், அதன் கீழடுக்கு தரைக்குள் இறங்கும் குழியில் உள்ளதா என்று கேட்க வேண்டும். அந்தக் குழியும் வெள்ளத்தில் நிறையக்கூடியதே.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. நுழைவாயில் தரை, சாலையைவிட எத்தனை அடி உயரம்? சரிவுப்பாதையின் தொடக்கத்தில் நீரைத் தடுக்கும் மேடு உள்ளதா?

2. மின்மீட்டர் அறை, மின்மாற்றி, ஜெனரேட்டர், தீயணைப்பு நீரேற்று இயந்திரம் ஆகியவை எந்தத் தளத்தில் உள்ளன? அவை நிலத்தடியில் இருந்தால், ஒரு நாள் வெள்ளம் கட்டடம் முழுவதற்கும் பல நாள் இருளாக மாறலாம். லிப்ட்டும் குடிநீரும் நின்றுவிடும்.

3. மாநகராட்சிக் குடிநீர் முதலில் வந்து சேரும் நிலத்தடித் தொட்டியின் மூடி, வெள்ள மட்டத்துக்கு மேலே உள்ளதா? கழிவுநீர்க் குழாயிலிருந்து அது எவ்வளவு தள்ளி உள்ளது?

4. நிலத்தடியிலிருந்து வெளியேறச் சரிவுப்பாதை தவிர வேறு படிக்கட்டு உண்டா?

5. ஒப்புதல் வரைபடமும் ‘ஓ.சி.’ எனப்படும் குடியேறும் அனுமதிச் சான்றிதழும் நிலத்தடித் தளத்தின் பயன்பாட்டை எவ்வாறு குறிப்பிடுகின்றன?

6. தீத்தடுப்பு அமைப்புகள் செயல்படுவதாக ஆண்டுதோறும் ஜனவரி, ஜூலை மாதங்களில் அளிக்க வேண்டிய ‘பி’ படிவச் சான்றிதழைச் சங்கம் பெற்றுள்ளதா?

7. சுவர்களில் உப்புப் பூத்தல், புதிய வண்ணப்பூச்சு, ஒரே உயரத்தில் ஓடும் கறை போன்ற அறிகுறிகள் உள்ளனவா? காவலாளியிடமும் எதிரிலுள்ள கடைக்காரரிடமும், கடந்த மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பது பயன் தரும்.

கசிவு, காப்பீடு

புதிய கட்டடமாக இருந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறைகளை, புகார் அளித்த 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது கட்டுநரின் கடமை என ரெரா சட்டத்தின் 14-ஆவது பிரிவு கூறுகிறது. கசிவைக் கண்டவுடன் படம் எடுத்து, சங்கத்தின் வாயிலாக எழுத்துப்பூர்வமாகத் தெரிவிப்பது அவசியம்.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தையும் உள்ளடக்கியது. வாகனத்துக்கு முழுமையான காப்பீடு இருந்தாலும், நீர் புகுந்த இன்ஜினை இயக்கியதால் ஏற்படும் பழுதுக்குப் பொதுவாகத் தனி இணைப்புக் காப்பீடு தேவைப்படும்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒருமுறையாவது மழைக்காலத்தில் அந்த இடத்தைப் பார்ப்பது சிறந்தது. கடல் ஏற்றம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாள்களின் பட்டியலை மும்பை மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பாக வெளியிடுகிறது. அந்த நாள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடல் ஏற்ற நேரத்தில் நேரில் சென்று பார்த்தால், தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது வாங்குவோருக்கு நேரிலேயே தெரிந்துவிடும்.