உலோகத்தை மட்டும் காணும் வாசல்: லூப் பூட்டும் தாளுக்கு ஓர் உரை

தானாகத் திறக்கும் கேற் வன்னிக்கு இப்போது பெரிய புதுமையில்லை. அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை, வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடு என்று ஒவ்வொரு வாசலாக மோட்டர் ஏறுகிறது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தை, முகமாலைச் சோதனைச்சாவடிகளில் ஆள் தூக்கி ஆள் இறக்கிய கம்பங்களுக்கு முன்னால் மணிக்கணக்காகக் காத்து நின்ற சனம் நாங்கள். லொறி கிட்டப் போனதும் கம்பம் தானே எழும்புவதைப் பார்த்து இன்றும் ஒருகணம் சிரிப்பு வரத்தான் செய்கிறது.

அப்படி எழும்பச் செய்வது நிலத்துக்குள் புதைந்து கிடக்கும் ஒரு வயர்ச் சுற்று. அதை லூப் என்கிறோம். அதை வாசிக்கும் சின்னப் பெட்டிதான் டிடெக்டர். பெட்டியோடு மடித்து வைத்து வரும் தாளைப் பெரும்பாலானோர் பிரிப்பதே இல்லை. எந்தக் கம்பனியின் தாளானாலும் அதன் சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைச் சுருக்கி என் தமிழில் வரிவரியாகத் தந்து, ஒவ்வொன்றின் கீழும் உரை எழுதுகிறேன். தாளை எழுதியவர்கள் தார் போட்ட வழியையும் தாழ்வான காரையும் மனதில் வைத்தவர்கள். எங்களுக்கோ கிறவல் வாசல், உழவு இயந்திரம், மணல் டிப்பர், மாடு. உரை வேண்டியிருப்பது அதனால்தான்.

“லூப் உலோகத்தை அறியும், பாரத்தை அறியாது.”

வாகனத்தின் பாரம் அழுத்தித்தான் கேற் திறக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். பாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறும் மின்னோட்டத்தை டிடெக்டர் அந்த வயருக்குள் ஓட விடுகிறது. பொதுவாக 20 முதல் 100 கிலோஹேட்ஸ் வரை. வயரைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. மேலே ஒரு லொறி வந்து நின்றால் அதன் அடிப்பாகத்து உலோகத்தில் சுழிபோலச் சிறு மின்னோட்டங்கள் எழுந்து அந்தப் புலத்தை எதிர்க்கும். சுற்றின் தூண்டற்றிறன் குறையும், மீடிறன் கூடும். அந்த மாற்றத்தைக் கண்டதும் பெட்டிக்குள் றிலே ‘டிக்’ என்று விழும். 1831இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதன் அடிப்படை. வாகனம் எண்ணவும் சமிக்ஞை விளக்கை மாற்றவும் அமெரிக்கத் தெருக்களில் 1960களில் இது புழக்கத்துக்கு வந்தது.

இந்த வித்தை வன்னிக்கு வேறு வேடத்தில் ஏற்கெனவே பழக்கம். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பெண்கள் நிலத்துக்கு மேலே மெல்ல அசைத்துப் பார்க்கும் உணரியின் தலையிலும் வயர்ச் சுற்றுத்தான் இருக்கிறது. அங்கே உலோகம் கிடக்கிறது, சுற்று நகர்கிறது. இங்கே சுற்று கிடக்கிறது, உலோகம் நகர்கிறது.

உலோகத்தை அறியும் என்றதால் மற்றதை அறியாது என்பதும் பெறப்படும். மனிதரை அறியாது. மாட்டை அறியாது, ஆகவே ஏ9 ஓரமாகத் திரியும் மாடுகள் வந்து உங்கள் கேற்றைத் திறந்துவிடும் என்ற பயம் வேண்டாம். யானைக்கும் திறக்காது. யானைக்குத் திறக்க வேண்டிய தேவையும் இல்லை, அது கேற்றையும் சேர்த்துக் கொண்டு போகும்.

“குறுகிய பக்கம் ஒரு மீற்றருக்குக் குறையற்க. நீண்ட பக்கம் வழியின் ஓரங்களிலிருந்து 30 சென்ரிமீற்றர் உள்ளே நிற்க.”

இந்த வரியில்தான் எங்கள் வாசல்கள் தாளோடு முரண்படுகின்றன. லூப் எவ்வளவு உயரம் வரை உணரும் என்பதை அதன் குறுகிய பக்கம் தீர்மானிக்கிறது. அந்தப் பக்கத்தின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு மீற்றர் என்றால் 50 முதல் 65 சென்ரிமீற்றர். காருக்கு அது தாராளம். டிப்பரின் சட்டகம் அதற்கு மேலே நிற்கும்.

இதில் இன்னொரு கழிவும் உண்டு. உயரத்தை வயரிலிருந்து அளக்க வேண்டும், நிலமட்டத்திலிருந்து அல்ல. கிறவல் வாசலில் வெட்டுப் போட முடியாது. பிவிசி குழாயைச் சட்டம்போலப் பொருத்தி, அதற்குள் வயரை இழுத்து, ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்த்தித்தான் புதைக்கிறோம். 20 சென்ரிமீற்றர் தாழ்ந்தால் அந்த 20ஐயும் உணரும் உயரத்திலிருந்து கழித்துவிடுங்கள். மிஞ்சுவது ஒரு முழம்கூடத் தேறாது. நெல் ஏற்றிய லொறியும் மணல் டிப்பரும் வந்துபோகும் இடத்தில் குறுகிய பக்கத்தை ஒன்றரை மீற்றருக்கு விரிப்பதே முறை.

உழவு இயந்திரம் தனிச் சிக்கல். இயந்திரத்துக்கும் அது இழுக்கும் பெட்டிக்கும் இடையே இருப்பது ஒரு கொழுவித்தண்டு மட்டும். அந்த இடம் லூப்புக்கு மேலே வரும்போது டிடெக்டர் ‘வாகனம் போய்விட்டது’ என்று முடிவு கட்டினால் கம்பம் தண்டின்மேல் இறங்கும். லூப்பின் அகலம் இந்த இடைவெளியை விழுங்கும் அளவு இருந்தால், பின்சில்லு விலகுமுன் இழுவைப் பெட்டியின் முன்பகுதி லூப்பைத் தொட்டுவிடும். தண்டின் நீளத்தை அளந்துகொண்டு லூப்பை வரையுங்கள். தாளில் இதற்கு ஒரு சொல்லும் கிடையாது.

மோட்டார் சைக்கிளில் உலோகம் குறைவு. அதுவும் திறக்க வேண்டுமென்றால் லூப்பை வழிக்கு 45 பாகை சரித்து வெட்டுவது உதவும்; எந்தப் பக்கத்தால் வந்தாலும் சில்லு வயருக்கு மேலாகப் போகும். வயருக்கு நேர் மேலேதான் புலம் அதிகம்.

“அசையும் இரும்பிலிருந்து ஒரு மீற்றர் விலகுக. கொங்கிறீற்றுக் கம்பியிலிருந்து 5 சென்ரிமீற்றர் மேலே நிற்க. இரு லூப்புகளுக்கிடையே 2 மீற்றர் விடுக.”

அசையும் என்ற சொல்லை அழுத்தி வாசிக்க வேண்டும். டிடெக்டர் பார்ப்பது மாற்றத்தை. மின் கொடுத்த நேரம் சுற்றிலும் என்ன இருந்ததோ அதை ‘வெறுமை’ என்று மனதில் வைத்துக்கொள்ளும். அசையாமல் கிடக்கும் இரும்பு அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். வன்னி மண்ணில் எங்கே கிண்டினாலும் செல் துண்டும் துருவேறிய கம்பியும் வரும். அதற்காக இடம் மாற்றத் தேவையில்லை. கம்பி வலை மட்டும் லூப்பின் புலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பதால் 5 சென்ரிமீற்றர் இடைவெளி கேட்கிறார்கள்.

ஓடும் கேற் அப்படியல்ல. லூப்புக்கு அருகால் அது நகரும் ஒவ்வொரு தடவையும் தன்னையே வாகனமாகக் காட்டும். கேற் திறக்கும், மூடப் போகும், மறுபடி திறக்கும். பேய் பிடித்த கேற் என்று பெயர் வாங்கியவற்றில் பாதிக்கு நோய் இதுதான்.

கிண்டும்போது துண்டல்லாத, முழு உருவமான பொருள் ஏதும் தட்டுப்பட்டால் மண்வெட்டியை அப்படியே வைத்துவிட்டு விலகி, பொலிசுக்கு அறிவியுங்கள். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அகற்றும் வேலை அதற்குப் பிறகும் வருடக்கணக்காகத் தொடர்ந்தது. ஆளில்லாமல் கிடந்த காணியில் கேற் போட வரும் மின்வேலைக்காரர் இதை மறக்கக்கூடாது.

இரு லூப்பின் விலகலுக்கு நீண்ட உரை வேண்டாம். அருகருகே ஒரே மீடிறனில் ஓடினால் ஒன்றின் குரலை மற்றது கேட்கும். பெட்டியில் உள்ள சிறு சுவிச்சால் ஒன்றின் மீடிறனை மாற்றிவிடுங்கள்.

“வெட்டு 4 மில்லிமீற்றர் அகலம், 4 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழம். மூலைகளைச் சாய்த்து வெட்டுக.”

கொங்கிறீற்று வாசலுக்கான வரி. நேர் மூலையில் வயர் மடிந்தால் லொறியின் ஒவ்வொரு அதிர்வும் அந்த மடிப்பின் உறையை உரசும். ஆகவே மூலையிலிருந்து 15 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளிக் குறுக்கே ஒரு சாய்வு வெட்டு. வெட்டிய தூளை ஊதி, ஈரம் காயவிட்டு, பிறகுதான் வயர்.

“சுற்றளவு 6 முதல் 10 மீற்றர் எனில் 3 சுற்று, அதற்கு மேல் 2. இடையில் ஒட்டு ஆகாது. பெட்டி வரை மீற்றருக்கு 20 முறுக்கு.”

நான்கு மீற்றர் வாசலுக்கு 3.4 மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் வைத்தால் சுற்றளவு 8.8, மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ 26 மீற்றர் வயர். தூண்டற்றிறன் 80 மைக்ரோஹென்றி அளவில் வரும், அது பெரும்பாலான டிடெக்டர்களுக்கு ஏற்கும். பெட்டி பத்து மீற்றர் தள்ளி இருந்தால் போகவும் வரவும் இன்னுமொரு இருபது, முறுக்குவதில் குறையும் நீளத்துக்கும் கொஞ்சம். 50 மீற்றர் ஒரே துண்டாக வாங்குங்கள். கடையில் மிச்சம் கிடந்த இரண்டு துண்டைச் சேர்த்து நிலத்துக்குள் ஒட்டுப் போட்டால் முதல் மாரியிலேயே அது பேசும்.

முறுக்கு ஏன்? லூப்பிலிருந்து பெட்டி வரையான இரு வயர்களும் பிரிந்து கிடந்தால் அவையும் ஒரு நீளமான லூப். பக்கத்து ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் போனாலும் கேற் திறக்கும். நன்றாக முறுக்கினால் ஒன்றின் புலத்தை மற்றது அழிக்கும். கேற் மோட்டரின் 230 வோல்ற்று வயரோடு ஒரே குழாயில் இதை விடவே கூடாது.

“மூடுமுன் அளக்க.”

மிகச் சின்ன வரி, மிகக் கூடுதலாகத் தவறவிடப்படும் வரி. மல்ரிமீற்றரை வைத்தால் சுற்றின் தடை ஓரிரு ஓமுக்குள் இருக்க வேண்டும். பிறகு 500 வோல்ற்று மெகரால் வயருக்கும் நிலத்துக்கும் இடையே அளந்தால் 10 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். குறைந்தால் உறை எங்கோ கீறியிருக்கிறது. தார் ஊற்றிய பிறகு கண்டுபிடித்து என்ன பயன்? மூடும்போது வயர் வெட்டுக்குள் துளியும் அசையாதபடி நிரப்புங்கள். வயர் அசைந்தால் அதுவும் டிடெக்டருக்கு ஒரு மாற்றம்தான். வெறும் சீமெந்துச் சாந்து வெயிலில் வெடித்து நீருக்கு வழிவிடும். தார் அல்லது எபொக்சி நல்லது.

ஒக்ரோபரில் மழை தொடங்கி மண் ஊறும்போது லூப்பின் அளவு மெல்ல நகரும். டிடெக்டர் அதைத் தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும், உறை நன்றாக இருந்தால். பருவம் மாறும் மாதங்களின் பின்னேர இடிமின்னலை மட்டும் அது சமாளிக்காது. மின்னல் தடுப்பான் ஒன்றைப் பெட்டிக்கு முன்னால் போட்டுவிடுங்கள்.

“மின் கொடுக்கும்போது லூப்பின்மேல் எதுவும் நில்லாதிருக்க.”

2022இல் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டுப் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டது என்றார்கள். இப்படியான நாட்டில் இந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியாது. மின் போய்த் திரும்பும் நேரம் லூப்பின்மேல் ஒரு லொறி நிற்கிறது என்று வையுங்கள். சாதாரண டிடெக்டர் அந்த லொறியையே ‘வெறுமை’ என்று பாடமாக்கிவிடும். அதன் கணக்கில் வாசல் காலி. கேற் லொறிமேல் மூட வரும். மோட்டருக்குப் பற்றரி வைப்பவர்கள் டிடெக்டரை அதோடு இணைக்க மறந்துவிடுகிறார்கள். 12 அல்லது 24 வோல்ற்றில் ஓடும் வகையை வாங்கி அதே பற்றரியில் கொழுவினால் இந்தத் தொல்லை இல்லை.

“உணர்திறன் வேண்டிய அளவுக்கே.”

மிகக் கூடிய நிலையில் சில டிடெக்டர்கள் பத்தாயிரத்தில் இரண்டு பங்கு மாற்றத்தையும் கண்டுவிடும். கூட்டி வைத்தால் நல்லதுதானே என்று அதில் விடாதீர்கள். தெருவால் போகிற பஸ்சுக்கும் திறக்கும். குறைந்த நிலையில் தொடங்கி, வந்துபோகும் வாகனங்களில் மிக உயரமானதை ஓட்டிப் பார்த்து, அது பிடிபடும் வரை ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். ‘பூஸ்ற்’ என்றொரு சுவிச் இருக்கும். வாகனம் பிடிபட்ட பிறகு அது விலகும் வரை மட்டும் உணர்திறனை உச்சத்தில் வைப்பது அது. மேலே சொன்ன உழவு இயந்திரக் கொழுவித்தண்டுக்கு அரைவாசி மருந்து இதுவே. எங்கள் பகுதியில் அதைப் போட்டே வைக்கலாம்.

“காவல் லூப்புக்கு நிலைத்த தொடர்பு, வெளியேறும் லூப்புக்குத் துடிப்பு.”

உள்ளிருந்து வருபவருக்குத் திறக்கும் வெளியேறும் லூப்புக்கு ஒரு தட்டு போதும். கேற்றுக்குக் கீழே நிற்கும் வாகனத்தைக் காக்கும் காவல் லூப்புக்கோ வாகனம் நிற்கும் வரை றிலே பிடித்திருக்க வேண்டும். வயர் அறுந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதும் இங்கேயே முடிவாகும். காவல் லூப் அறுந்தால் ‘வாகனம் நிற்கிறது’ என்று காட்டிக் கேற்றை மூடவிடாமல் வைக்க வேண்டும். வெளியேறும் லூப் அறுந்தால் அப்படிக் காட்டக்கூடாது, இரவெல்லாம் ஆலை திறந்து கிடக்கும்.

“மனிதப் பாதுகாப்புக்கு லூப் போதாது.”

தாளின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும் வரி. முதல் வரியாக அச்சிட்டிருக்க வேண்டும். 2010இல் பிரித்தானியாவில் மான்செஸ்டரிலும் பிரிஜெண்டிலும் ஒரு வாரத்துக்குள் இரண்டு சிறுமிகள் தானியங்கிக் கேற்றுகளில் நசுங்கி இறந்தார்கள். ஒழுங்குகளும் பரிசோதகர்களும் நிறைந்த நாட்டிலேயே அது நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் கேற்றைப் பிடித்து விளையாடும் பிள்ளை லூப்பின் கணக்கில் வெறுமைதான். வாசலின் இரு கரையிலும் முழங்கால் உயரத்தில் ஒளிக்கதிர் உணரி ஒரு சோடி, தடை பட்டால் திரும்பும் மோட்டர், மின்னில்லாத நேரம் கையால் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருத்தல், இவை மூன்றும் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.

லூப் மட்டும் போதும், மற்றதெல்லாம் வீண்செலவு என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த வேலையை எடுக்காதேயுங்கோ தம்பிமாரே.