ஏலக்காய் ஏலமும் கிளிக் ஏலமும்

போடிக்காரங்களுக்கு 'ஏலம்'னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு மலையில விளையறது, இன்னொண்ணு அதை விக்கிறது. (விக்கிற ஏலம் போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து வந்த சொல்லாம், தமிழ் லெக்சிகன் சொல்லுது.) கிளிக்குக்குக் காசு கட்டும் இணைய விளம்பரமும் ஒரு ஏலம்தான். அதனால கதையை போடியிலேயே ஆரம்பிச்சுடலாம்.

ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் மாதிரியைக் கையில் எடுத்து பருமன், பச்சை நிறம், லிட்டர் எடை எல்லாம் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். முன்பு வாய்விட்டுக் கேட்டது, 2007ல் கம்ப்யூட்டருக்கு மாறியது. மனசுல கிலோவுக்கு 1500 வரை வெச்சிருக்கீங்க, அடுத்தவர் 1200ல நின்னுட்டார்னா அதுக்கு மேல ஒரு ரூபாய் போதும், சரக்கு உங்களுது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

இப்ப கலிபோர்னியா. 1998ல் பில் கிராஸ் என்பவர் கோடூ.காம் என்ற தேடுதளத்தைத் தொடங்கினார். அதுவரை இணைய விளம்பரம் பெரும்பாலும் ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்றுதான் விற்றது. யாரும் கிளிக் பண்ணலைன்னாலும் காசு போச்சு. இவர், கிளிக் விழுந்தா மட்டும் கொடு, எவ்வளவுன்னு நீயே சொல்லு, ஒரு சென்ட்டில் ஆரம்பிக்கலாம் என்றார். தேடல் முடிவையே விக்கறதான்னு திட்டினவங்களும் உண்டு. என் கணக்கில், சின்ன வியாபாரிக்குக் கதவு திறந்தது அன்னிக்குத்தான்.

ஆனா அதில் ஒரு ஓட்டை. கேட்ட விலையை அப்படியே கட்டணும். அதனால ஆளாளுக்கு நாள் பூரா விலையை ஏத்தி இறக்கிக்கிட்டே இருந்தாங்க.

கூகிள் ஆட்வேர்ட்ஸ் 2000 அக்டோபரில் 350 விளம்பரதாரர்களோடு வந்தபோது, அதுவும் பார்வைக்கணக்குதான். 2002 பிப்ரவரியில் கிளிக் ஏலத்துக்கு மாறினார்கள், ரெண்டு திருத்தத்தோடு. ஒன்று, கீழே இருப்பவரை முந்தப் போதுமான அளவு கட்டினால் போதும் (நம்ம 1200 கதை!). இரண்டு, விலையை மட்டும் பார்க்காமல், விளம்பரத்தை எத்தனை பேர் கிளிக் பண்றாங்கன்னும் பார்த்து இடம் கொடுப்பது. அதாவது, காயோட தரம். காசு குறைந்தவன் பெரிய கம்பெனிக்கு மேலே நிற்க முடிந்தது இதனால்தான். கோடூ (அதற்குள் ஓவர்ச்சர் என்று பேர் மாறியிருந்தது) காப்புரிமை வழக்கு போட்டது. 2004ல் கூகிள், ஓவர்ச்சரை வாங்கியிருந்த யாகூவுக்கு 27 லட்சம் பங்குகள் கொடுத்து முடித்துக்கொண்டது.

2018ல் தமிழ் விளம்பரங்களும் வந்தாச்சு. சரி, பொட்டிபுரத்துல ஒருத்தர் தினம் நூறு ரூபாயோட இறங்குறார்னு வைப்போம். கிளிக் அஞ்சு ரூபாய்னா இருபது கிளிக். நாற்பது கிளிக்குக்கு ஒருத்தர் வாங்கினால், ஒரு விற்பனைக்கு 200 ரூபாய் செலவு. நூறு கிராம் பாக்கெட்டில் லாபமே அறுபது ரூபாய்னா கதை கந்தல். இனிப்புக்கடைக்குக் கிலோவா போனா, அதுல 300 நின்னா, தாங்கும். (கற்பனைக் கணக்குதான், உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க.) பட்ஜெட் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கு.

அப்புறம் சொல். 'ஏலம்'னு மட்டும் போட்டா நகை ஏலம், வங்கி ஏலம் தேடறவங்கெல்லாம் வந்து உங்க காசை அழிச்சுட்டுப் போவாங்க. 'இன்றைய ஏலக்காய் விலை' தேடறவர் பெரும்பாலும் விக்கிறவர், வாங்கறவர் இல்லை. நகை, வங்கி, செடி, இன்றைய விலை எல்லாத்தையும் விலக்குச் சொற்களில் போட்டுடுங்க. 'ஏலக்காய் மொத்த விற்பனை' மாதிரி நீளமான சொற்றொடரைக் கொஞ்சம் பேர்தான் தேடுவாங்க. ஆனா அவங்கதான் மூட்டை கேக்கறவங்க.

இன்னொண்ணு, தினம் நூறுன்னு வெச்சாலும் சில நாள் கூகிள் இருநூறு வரை எடுக்கும். மாசக் கணக்கில் நூறின் 30.4 மடங்கைத் தாண்டாது. முதல் நாளே பார்த்துட்டு நிறுத்திடாதீங்க :-)