அஃபேசியா பேச்சுப் பதிவு

பக்கவாதம், தலைக்காயம், மூளைக்கட்டி ஆகியவற்றால் மொழித்திறன் குலைந்தவர்களின் பேச்சை ஒலியாகவோ காணொளியாகவோ பதிந்து, எழுத்தில் பெயர்த்து ஆராயும் முறை. இயல்பான உரையாடல், பட விவரிப்பு, கதை கூறல், பொருள்களுக்குப் பெயர் சொல்லல் ஆகியவை பதியப்படும்.

எழுத்துப்படியில் தயக்கமும் பாதியில் நின்ற சொல்லும் அப்படியே இடம்பெறும். ‘பூட்டு’ என்பதற்குச் ‘சாவி’ என்றால் ‘சாவி’ என்றே எழுதப்படும். தமிழில் வினைமுற்று விகுதி தனிக் கவனத்துக்குரியது. ‘அவள் வந்தான்’ என்பதில் வினையும் காலமும் சரி, பால் விகுதியே பிறழ்ந்தது. பேச்சுவழக்கைச் செந்தமிழாக்கினால் இத்தகைய சான்றுகள் அழிந்துபோகும்.

1861இல் பாரிஸில் பால் புரோக்கா விவரித்த நோயாளியிடமிருந்து நவீன அஃபேசியா ஆய்வு வளர்ந்தது. 2007இல் அமெரிக்காவில் தொடங்கிய அஃபேசியாபேங்க், பொது நெறிமுறைப்படி பதிந்த காணொளிகளை ஆய்வாளர்களுக்குத் தொகுத்தளிக்கிறது. மிஷேல் பாரடியின் இருமொழி அஃபேசியா சோதனைக்குத் தமிழ் வடிவமும் உண்டு.

தலைக்காயம், மூளைக்கட்டி ஆகியவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் நரம்பு அறுவைச் சிகிச்சைக்கான இந்தியாவின் முதல் துறை, 1949இல் ஜேக்கப் சாண்டியால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்டது. இக்கல்லூரியைச் சுற்றி வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தொடரும் தோல் தொழில் வட்டாரத்தில் வீட்டில் உருதுவும் வெளியில் தமிழும் பேசுவோர் பலர். பாதிப்புக்குப் பின் இரு மொழிகளும் எப்போதும் ஒரே அளவில் மீள்வதில்லை என்பதால், இங்கு ஒரே மொழியில் செய்யும் பதிவு நோயாளியின் திறனைக் குறைத்துக் காட்டக்கூடும். இரண்டிலும் பதிவது இன்றியமையாதது. புரிதல் குன்றியோரிடம் படங்கள், சிறு வாக்கியங்கள் வழியாகப் பதிவுக்கான ஒப்புதல் பெறப்படுகிறது.